காய்ந்த தரை

பதினொரு மணிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று ஸ்டேஷன் ரைட்டர் துரைக்கண்ணு சொல்லியிருந்தார். பதினொன்றரை ஆகியும் கூப்பிடவில்லை. கொளஞ்சி கோர்ட்டு வராந்தா பெஞ்சின் ஓரத்தில் பாதி பாரத்தைப் பலகையிலும் பாதி பாரத்தைக் காலிலும் வைத்து, யாராவது எழுந்திரு என்றால் உடனே எழுந்துகொள்ளத் தோதாக உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாகப் போலீஸ் ஸ்டேஷனைக் கூட்டிக் கழுவுகிறவள். அங்கே கிடக்கிற நாற்காலி, பெஞ்சு, ஸ்டூல் அத்தனையும் அவள் கை துடைத்தவை, ஒன்றில்கூட அவள் உட்கார்ந்தது கிடையாது, அந்தப் பழக்கம் இங்கேயும் கூடவே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கலாம், கேட்டுப் போன நேரத்தில் டவாலி வந்து கூப்பிட்டுவிட்டால்? மூன்று தரம்தான் கூப்பிடுவானாம், மூன்றாவது தரமும் ஆள் நிற்காவிட்டால் வரவில்லை என்று எழுதிவிடுவார்களாம். பெயரையும் முழுசாகக் கூப்பிடுவார்களாம், கொளஞ்சியம்மாள், கணவர் பெயர் தங்கராசு லேட்டு என்று. செத்துப்போன மனுஷன் பெயரோடு சேர்த்துத் தன் பெயரை யாரும் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகிறது, காதில் விழுந்தாலும் நம்மைத்தான் என்று புரியுமோ புரியாதோ. இந்தக் கவலைக்கு நடுவில் அந்த நாலு வரி வேறு ஓடிக்கொண்டிருந்தது. நேற்று துரைக்கண்ணு பைக்கில் சாய்ந்தபடி சொல்லிக் கொடுத்தது. காலையில ஆறரை மணிக்கு பாத்ரூம சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவுனேன். தொடைக்கறதுக்குள்ள அந்த ஆளு உள்ள போயிட்டாரு. தொப்புனு சத்தம் கேட்டுச்சு. ஓடிப்போய்ப் பாத்தா கையப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தாரு. "அவ்வளவுதாங்க்கா, நாலே வரி. ஒண்ணாப்புப் புள்ளகூட ஒப்பிச்சிரும்," என்று சிரித்தார். கொளஞ்சி ரெண்டாப்பு வரை போனவள். ஆனாலும் முதல் வரியில் சோப்புத் தண்ணி என்கிற இடம் வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். காலையில ஆறரை மணிக்கு. அதுவரை சரியாக வந்தது. பாத்ரூம. அதுவும் வந்தது. அப்புறம் நின்றது.

ஏனென்றால் அந்த ஆள் விழுந்ததாகச் சொல்கிற அந்த வாரம் ஸ்டேஷனில் தண்ணியே இல்லை. திங்கட்கிழமை காலையில் மோட்டார் போட்டபோது உர்ரென்று ஒரு சத்தம், கருகின நாற்றம், அவ்வளவுதான். காயில் போச்சு என்று கழற்றிக்கொண்டு போனார்கள், காயில் கட்டுகிற கடையில் அது வெள்ளிக்கிழமை வரை கிடந்தது. நாலு நாள் ஸ்டேஷன் ஆண்களெல்லாம் எதிரே பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குத்தான் போய் வந்தார்கள், லேடி கான்ஸ்டபிள் இரண்டு பேரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. பாத்ரூம் கதவை கொளஞ்சியே சாத்தி ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டு வந்தாள். பழைய இரும்பு வாங்குகிற கலியனைப் பிடித்து வந்தது புதன்கிழமை. அவன் வழுக்கி விழுந்ததாக எழுதியது வியாழக்கிழமை. இதை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. துரைக்கண்ணு அலமாரியிலிருந்து பழைய ஃபைல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதை அவள் கூட்டிக்கொண்டே பார்த்தாள். முந்தி விழுந்தவனுக்கு எழுதின அதே வரி, பெயரும் தேதியும்தான் வேறு. கை எழுதிவிட்டது, தலை பார்க்கவில்லை. எழுதி முடித்துவிட்டு அவரே சோப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனார் பாருங்கள், அப்போதுகூட உறைக்கவில்லை அந்த மனுஷனுக்கு. அந்தப் பாத்ரூமில் இந்தப் பதினோரு வருஷத்தில் நாலு பேர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். நாலு பேருமே கைதிகள். ஒரு ஏட்டு வழுக்கினதில்லை, ஒரு எஸ்.ஐ. வழுக்கினதில்லை. டீக்கடையில் கேட்பார்கள், "என்னா கொளஞ்சி, அப்படி என்னாத்தப் போட்டுக் கழுவுற? எங்க வீட்டு மாமியாருக்குக் கொஞ்சம் குடேன்." எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், வேறென்ன செய்ய. ஆனால் இரண்டாவது ஆள் விழுந்த நாளிலிருந்து அவள் வேலையை மாற்றிக்கொண்டாள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ரப்பர் கட்டையால் இழுத்து, அதற்கு மேல் காய்ந்த சாக்கைப் போட்டு முட்டிபோட்டுத் துடைத்து, கதவைத் திறந்து காற்று விடுவாள். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் ஈரம் ஒட்டாது. இத்தனை சுத்தமாகத் துடைத்தும் அடுத்த வருஷம் மூன்றாவது ஆள் விழுந்தான்.

சொல்லிவிடலாமா துரைக்கண்ணுவிடம்? ரைட்டரு சார், அன்னைக்குத் தண்ணி இல்ல சார் என்று. சொன்னால் என்ன ஆகும். ஐயையோ ஆமாம்க்கா என்று தலையில் தட்டிக்கொண்டு மாடிப்படி என்று மாற்றிவிடுவார். மாடிப்படியில் உருண்டான் என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இருக்காது. அப்போது அவளும் வேண்டியிருக்காது, பெஞ்சும் வேண்டியிருக்காது, வீட்டுக்குப் போய் மீனை அலசலாம். அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு நேற்று சாயங்காலத்திலிருந்து விழுங்காமலும் துப்பாமலும் இருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. துரைக்கண்ணு வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஒரு காகிதக் கப்பில் டீ வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். தங்கராசு செத்தபோது ஸ்டேஷன் சார்பில் மாலை வாங்கிக்கொண்டு வந்தவர். "குடிங்க்கா. பயமா இருக்கா? ஒண்ணும் பயம் இல்ல. ஜட்ஜம்மா கேக்கும், நாலு வரி சொல்லிட்டு வந்துரணும். கேக்காதது எதையும் பேசக்கூடாது." "சரிங்க சார்." "வெண்ணிலா பேப்பரு வந்திருக்கு தெரியுமா? வெரிஃபிகேஷனு. என் மேச மேலதான் கெடக்குது. இத முடிச்சிட்டுப் போய் அத எழுதிரலாம். நம்ம வீட்டுப் பொண்ணு, நான் மோசமாவா எழுதப்போறேன்." டீ சூடாக இருந்தது, கப்பை எப்படிப் பிடித்தாலும் சுட்டது. குடித்தால் அடிவயிறு இன்னும் முட்டும். கொடுத்ததைக் கீழே ஊற்றவும் முடியாது. மகள் வெண்ணிலா போலீஸ் எழுத்துப் பரீட்சை தேறி, ஓட்டம் தேறி, கயிறு ஏறி, எல்லாம் முடித்து நிற்கிறாள், இந்த ஒரு காகிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் காக்கிச் சட்டை. இன்று காலையில் அம்மாவின் புடவைக்கு அவளே இஸ்திரி போட்டாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா, ஒங்க ஊருக் கதையெல்லாம் ஆரம்பிச்சிராத." அவளுக்கு எதுவும் தெரியாது. ஏதோ கேஸில் சாட்சி என்று மட்டும் தெரியும். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்து வாசலில் நின்று ஒட்டடைக் கம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தாள், போலீஸ் லத்தி சுழற்றுகிற மாதிரி, சும்மா விளையாட்டாக, வாயில் பல் விளக்குகிற பிரஷ். கம்பு காற்றில் விர்விர்ரென்று சத்தம் போட்டது. கொளஞ்சிக்கு மாவுக் கரண்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. "கீழ போடுடி அத," என்றாள். "ஏம்மா?" "போடுன்னா போடு, தோசைக்கு வா."

கான்ஸ்டபிள் பாலகுருவும் முதலில் இப்படித்தான் பிள்ளையாட்டம் வந்தான். தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறான், இப்போது அவள் பார்த்தாலும் பார்க்காத மாதிரி செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பின்னாடி ரூமில் எவனையோ அடித்த சத்தத்துக்கு வேப்ப மரத்தடியில் போய் வாந்தி எடுத்தவன். கொளஞ்சிதான் தண்ணி கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். "இந்த வேல எனக்கு ஆவாதுக்கா," என்றான். அதுக்கு அவள் என்ன சொன்னாள்? "போவப் போவப் பழகிரும் தம்பி." அப்படித்தானே சொன்னாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். சொன்னாளா இல்லையா. பழகித்தான் போனது. கலியனைப் பிடித்து வந்த வாரம் அவன் தேர் பந்தோபஸ்து முடித்து, தலைவர் ஒருத்தர் வருகிறார் என்று ரோட்டில் நின்று, அங்கிருந்து நேரே ஸ்டேஷன் டூட்டி, மூன்று நாள் பூட்ஸைக் கழற்றவில்லை. கழற்றியபோது சாக்ஸ் தோலோடு வந்தது. மகளுக்கு முதல் பிறந்தநாள் என்று லீவு கேட்டதற்கு இன்ஸ்பெக்டர் அந்த விண்ணப்பத்தை மேசைக்கு அடியில் போட்டுவிட்டு, ஒம் பொண்டாட்டி வந்து டூட்டி பாப்பாளாடா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இன்ஸ்பெக்டர் மட்டும் சந்தோஷமாகவா இருந்தார். புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், கொளஞ்சி கூட்டிக்கொண்டிருந்தாள், வயர்லெஸ் மைக்கில் மேலே இருக்கிறவர் பேசினார். சேர்மன் தோட்டத்துப் போர்வெல்ல காப்பர் ஒயர் போயி நாலு நாளு ஆவுது, நீயெல்லாம் என்னத்துக்கு அங்க ஒக்காந்திருக்க, நாளைக்குக் காலையில பொருளும் ஆளும் இருக்கணும். மாவட்டம் முழுக்க அத்தனை ஸ்டேஷனும் கேட்கிற மைக் அது. இன்ஸ்பெக்டர் காது சிவந்து போனது. அவர் எஸ்.ஐ.யைக் கூப்பிட்டு டேய் என்றார். எஸ்.ஐ. ஏட்டைக் கூப்பிட்டு அதைவிட மோசமான வார்த்தை ஒன்று சொன்னார். ஏட்டு பாலகுருவைப் பார்த்து, நிக்கிறியே மரம் மாதிரி என்றார். பாலகுருவுக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? கொளஞ்சி ஒருத்தி, அவளை எதுவும் சொல்ல மாட்டான், அக்கா என்கிறவன். அப்புறம் பின்னாடி ரூமில் தரையில் உட்கார்ந்திருந்த கலியன். துடைப்பத்தை எடுத்து மூலையில் சாத்திவிட்டு அவள் அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவும் வழக்கம்தான். ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவளுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று தெரியும்.

"கொஞ்சம் நவுந்து ஒக்காருங்க்கா," என்று ஒரு குரல். ஒல்லியாக ஒரு பெண், கையில் கூடை, கூடையில் தூக்குச்சட்டி, தண்ணி பாட்டில், எக்ஸ்ரே படம் போட்ட பெரிய உறை. கொளஞ்சி நகர்ந்தாள், இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் கீழே விழுந்திருப்பாள். பெண் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்களுக்கு என்னா கேசுக்கா?" "கேசு ஒண்ணும் இல்ல. சும்மா, ஒரு சாட்சி." "இடத் தகராறா?" கொளஞ்சி தலையை இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் ஆட்டினாள். "எம் பேரு பூங்காவனம். எங்க ஊட்டுக்காரரு கேசு. உள்ளாரதான் இருக்காரு, அந்தம்மா பேசிக்கிட்டிருக்கு. பழைய இரும்பு, பேப்பரு, பிளாஸ்டிக்கு வாங்குவாரு. மூணு சக்கர வண்டி. போலீசு புடிச்சிட்டுப் போயி வலது கைய ரெண்டு எடத்துல ஒடச்சிட்டானுவோ." எக்ஸ்ரே உறையைத் தட்டினாள். "தராசு புடிக்கிற கைக்கா. இப்ப நாந்தான் தராசு புடிக்கிறேன். பொம்பள புடிச்சா எடை கொறையுதாம், ஊருக்காரனுங்க ஒவ்வொருத்தனும் முள்ள உத்து உத்துப் பாக்கறான்." லேசாகச் சிரித்தாள். கொளஞ்சி கையில் இருந்த டீயை மடமடவென்று குடித்தாள், நாக்கு சுட்டது. இவள்தானா. வியாழக்கிழமை ஸ்டேஷன் வாசலில் வெளியே வெயிலில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது இவள்தானா. முகம் தெரியவில்லை அன்றைக்கு. "அந்த ஒயர எடுத்தது யாரு தெரியுமாக்கா? சேர்மன் தோட்டத்துல காவலுக்கு இருந்தவனோட மச்சான். பத்து நாளு கழிச்சி அவனே மாட்டிக்கிட்டான். அதுக்குள்ள இவுரு ஒத்துக்கிட்டாரு, நாந்தான் எடுத்தேன்னு. கைய ஒடச்சா நானுந்தான் ஒத்துக்குவேன், தாஜ்மகால எடுத்தேன்னு கேட்டாலும் ஆமான்னுதான சொல்லுவேன்." "ஆமா," என்றாள் கொளஞ்சி, தன் குரல் யாரோ பேசுகிற மாதிரி வந்தது. "இப்ப என்னா சொல்றானுவோ, பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தாராம். கழுவுறவ ஒருத்தி சோப்பப் போட்டு வுட்டுட்டாளாம். அவளயும் இன்னைக்குக் கூப்புட்டிருக்காங்களாம். வரட்டும். அந்த மவராசி மொகத்த ஒரு தடவ பாக்கணும்னுதான் நான் சோறாக்குன கையோட ஓடியாந்தேன்." 

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாய் தாயி என்று கொளஞ்சி நினைத்தாள். எழுந்து அந்தக் கோடிக்குப் போய் நிற்கலாமா, போனால் சந்தேகம் வரும், இங்கேயே இருந்தால் கூப்பிடும்போது தெரிந்துவிடும். சுவரின் மூலையில் ஒரு கேமரா இருந்தது, கறுப்பாக, பல்லி முட்டை மாதிரி உருண்டையாக. அது தன்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்டேஷனிலும் நாலு வைத்திருக்கிறார்கள். பின்னாடி ரூமைப் பார்க்கிற கேமராவை அவளே திருப்பியிருக்கிறாள், ஆமாம், அதையும் அவள்தான் செய்தாள், அக்கா ஒட்டட அடிக்கிற மாதிரி அதக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிவுட்டுருக்கா என்றார்கள், ஒட்டடைக் கம்பால் ஒரு தட்டு. இரண்டு வருஷமாக அது வெளியே வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனை காக்கா வந்தது என்று கேட்டால் சொல்லும். யார் சொன்னாலும் சரி என்று சொல்லியே வந்திருக்கிறாள். அமலோற்பவம் அம்மா இருந்தபோது மட்டும்தான் அந்த ரூமில் துடைக்க ஒன்றும் இருக்காது. எஸ்.ஐ.யாக வந்த குண்டு அம்மா, இருமிக்கொண்டே இருக்கும். வந்த முதல் நாளே அந்த அம்மா லத்தி அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டி, ஒரு நோட்டைப் பீரோ மேல் வைத்தது. எவன் எடுக்கிறானோ அவன் பெயர், நேரம், எதற்கு எடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுக்கணும். பந்தோபஸ்து என்று எழுதுவார்கள், ரோந்து என்று எழுதுவார்கள். விசாரணைக்கு என்று எவனாவது எழுதுவானா? பேனா மூடியைத் திறக்கும்போதே பாதிக் கோபம் இறங்கிவிடும், மீதிக் கோபத்தோடு திரும்பிப் போய் உட்காருவார்கள். பிடித்து வந்தவனுக்கும் ஒரு நாற்காலி போடும் அந்த அம்மா, கொளஞ்சி ரெண்டு டீ சொல்லு என்னும், ஒரே கேள்வியை நாலு தடவை நாலு விதமாகக் கேட்கும், அவன் சொன்னதை எழுதிக்கொண்டு தானே போய் விசாரித்துவிட்டு வரும். டூட்டி முடிந்தவன் ஸ்டேஷனில் நின்றால் துரத்தும், வீட்டுக்குப் போய்த் தூங்குடா, தூங்காதவன் போலீசு இல்ல பேயி என்னும். நகை கேஸ் ஒன்றை அப்படித்தான் எட்டு நாளில் கண்டுபிடித்தது, எட்டு நாளா என்று மேலே திட்டினார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள் எங்கேயோ மாற்றிவிட்டார்கள். அந்த நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள். ஜன்னல் கதவு ஆடாமல் இருக்க அதை மடித்துச் செருகி வைத்திருக்கிறார்கள், கொளஞ்சி தினமும் அதன் மேல் இருக்கிற தூசியைத் தட்டுகிறாள்.

"என்னாக்கா மொகமெல்லாம் வேர்க்குது, தண்ணி குடிக்கிறீங்களா," என்று பூங்காவனம் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டினாள் கொளஞ்சி. தண்ணி. அவனும் அதைத்தான் கேட்டான். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் போனபோது எல்லாரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். பாலகுரு ஒரு குடம் தண்ணியைத் தெருக்குழாயிலிருந்து தானே தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பின்னாடி ரூமு மட்டும் தொடச்சிருங்க்கா," என்றான். கண் இரண்டும் வீங்கியிருந்தது, தூங்காததாலா அழுததாலா, யார் கண்டது. உள்ளே கலியன் சுவரோரம் குந்தியிருந்தான், வலது கையை இடது கையில் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு. அக்கா, கொஞ்சம் தண்ணிக்கா என்றான். குடத்துத் தண்ணியில் ஒரு சொம்பு மொண்டு அவன் வாயில் ஊற்றினாள். மீதியைத் தரையில் ஊற்றினாள். முட்டிபோட்டுத் துடைத்தாள். சாக்கு நிறம் மாறியது. பிழிந்தாள், திரும்பத் துடைத்தாள், அவன் காலைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள், நகர்த்தினான், அந்த இடத்தையும் துடைத்தாள். அவன் தன் வலியை விட்டுவிட்டு அவள் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை, வெண்ணிலாவிடம்கூட, சாமியிடம்கூட. பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் நிற்க, டாக்டர் தலையைத் தூக்காமல் எப்படி ஆச்சு என்றாராம், வழுக்கி விழுந்துட்டேன் என்றானாம் கலியன், அவ்வளவுதான், எழுதிக் கொடுத்துவிட்டார். கோர்ட்டில்தான் மாட்டியது. இந்த ஜட்ஜம்மா போலீஸ்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றுங்க என்று சொல்லி முதுகைப் பார்த்ததாம். வேறொன்றும் செய்யவில்லை. வெளியே போகச் சொன்னதும் முதுகைக் காட்டித் திரும்பச் சொன்னதும்தான், அதிலிருந்து வந்ததுதான் இன்றைய விசாரணை. இவ்வளவு சின்ன வேலையை இத்தனை பேரில் ஒருத்தரும் செய்யவில்லையே என்று கொளஞ்சிக்கு ஆத்திரமாக வந்தது, வந்த ஆத்திரம் சுற்றிக்கொண்டு தன் மேலேயே வந்து நின்றது. அந்த வியாழக்கிழமை மத்தியானமே துரைக்கண்ணு ஒரு காகிதத்தை நீட்டி இங்க ஒரு கையெழுத்துக்கா என்றார், போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. வெண்ணிலா பலகையில் எழுதிப் பழக்கிவிட்ட கையெழுத்து, க-வுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால், மறந்துவிடாதே என்று கையைப் பிடித்து எழுதவைத்த கையெழுத்து. அந்தப் பெண்ணுடைய பேப்பர் அந்த மனுஷன் மேசை மேல் கிடக்கிறது. காலையில ஆறரை மணிக்கு. பாத்ரூம. சொல்லிவிட்டால்தான் என்ன. நாலு வரி. வெண்ணிலா காக்கி போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். நின்று, ஒரு நாள் எந்த ஊர் ஸ்டேஷனிலோ மூன்று நாள் தூங்காமல், யாரோ மைக்கில் திட்ட, யாரோ டேய் என்று கத்த, அவளுக்குக் கீழே தரையில் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். அங்கேயும் துடைக்க ஒருத்தி இருப்பாள். போவப் போவப் பழகிரும் பாப்பா என்பாள்.

"கொளஞ்சியம்மாள்... கணவர் தங்கராசு லேட்டு... கொளஞ்சியம்மாள்..." அது ஒரு தரம். எந்தத் தங்கராசு என்று இருந்தது. இரண்டாவது தரம் டவாலி கூடக் கொஞ்சம் சேர்த்தான், "போலீஸ் ஸ்டேஷன் துப்புரவுப் பணியாளர் கொளஞ்சியம்மாள்..." அவள் எழுந்துவிட்டாள். பூங்காவனம் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவள் திருகுவதை நிறுத்தினாள். பார்த்தாள். திட்டவில்லை, எழுந்திருக்கவில்லை, பார்த்தாள் அவ்வளவுதான், வரட்டும் பார்க்கணும் என்று சொன்ன முகத்தை மேலிருந்து கீழாக, எடை முள்ளைப் பார்க்கிற மாதிரி. கொளஞ்சி காலி டீக் கப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் கையில் பிடித்துக்கொண்டே போனாள். வாசலில் கலியன் எதிரே வந்தான், கட்டுப்போட்ட கையைச் சுவரில் இடிக்காமல் ஒருக்களித்து நின்று அவளுக்கு வழி விட்டான். துரைக்கண்ணு கூடவே உள்ளே வந்தார். ஜட்ஜம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நீங்க யாரு?" என்றது. "ஸ்டேஷன் ரைட்டர் மேடம்." "வெளிய நில்லுங்க. கதவச் சாத்திட்டுப் போங்க." அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். டைப் அடிக்கிற பெண் ஒருத்தி, ஃபேன், மேசை, இந்த அம்மா. "ஒக்காருங்கம்மா." "இருக்கட்டுங்கம்மா." "ஒக்காந்து சொல்லுங்க. நேரமாகும்." ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓரத்தில் உட்கார்ந்தால் நாற்காலி சாய்ந்தது, அதனால் பின்னால் நகர்ந்து முழுசாக உட்கார வேண்டியதாயிற்று. "சம்பவத்தன்னைக்குக் காலையில பாத்ரூம் கழுவுனது நீங்கதான? தரை ஈரமா இருந்துச்சா?" நாலு வரியும் வரிசையாக வந்து நின்றன. காலையில ஆறரை மணிக்கு, என்று ஆரம்பித்தாள். டைப் சத்தம் கேட்டது. பாத்ரூம. நின்றது. எப்போதும் நிற்கிற அதே இடம். ஜட்ஜம்மா காத்திருந்தது. அவசரப்படுத்தவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தது. "நான் கழுவலீங்கம்மா," என்றாள் கொளஞ்சி. "திங்கக்கெழமையே மோட்டாரு காயிலு போச்சு. வெள்ளிக்கெழமதான் வந்துச்சு. காயில் கட்டுற கடையில கேளுங்க. பாத்ரூமு காஞ்சி தூசியாக் கெடந்துச்சு, கதவுக்குக் கல்லு வச்சிருந்தேன்." டைப் அடித்த பெண் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி அடித்தாள். ஜட்ஜம்மா பழைய காகிதத்தை எடுத்து ஒருமுறை படித்தது. பிறகு கேட்டது, "அப்ப அன்னைக்கு நீங்க எதையுமே கழுவலையா?" இந்தக் கேள்விதான். ஐந்து வாரமாக இது எந்த வாயிலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இல்லீங்கம்மா என்றால் முடிந்துபோகும், இதுவரைக்கும் சொன்னதே போதும், எழுந்து போய்விடலாம். கையில் டீக் கப் நசுங்கியிருந்தது. "ஒரு கொடம் தண்ணி இருந்துச்சுங்க," என்றாள். "அதுல ஒரு சொம்பு அவருக்குக் குடிக்கக் குடுத்தேன். மீதியில தரையத் தொடச்சேன். அது பாத்ரூமு தரை இல்லீங்கம்மா."

எந்தத் தரை, என்ன இருந்தது, யார் சொல்லித் துடைத்தாள், கேட்கக் கேட்கச் சொன்னாள். கேமராவையும் சொன்னாள். தன்னை விட்டுவிட்டுச் சொல்லவில்லை. முடித்ததும் கையெழுத்துக்குக் காகிதத்தை நகர்த்தினார்கள். "படிச்சிக் காட்டுங்கம்மா, போடறேன்," என்றாள். ஜட்ஜம்மா தானே படித்துக் காட்டியது. கொம்பு, க, கால். மெதுவாகப் போட்டாள். வெளியே வந்தபோது துரைக்கண்ணு ஓரடி முன்னால் வந்து, "என்னாக்கா, சொன்ன மாதிரியே சொல்லிட்டீங்கல்ல?" என்றார். அவர் முகத்தைப் பார்த்து அவள், "அந்த வாரம் நீங்க பஸ் ஸ்டாண்டுக்குத்தான சார் போயிட்டு வந்தீங்க," என்றாள். அவருக்குப் புரிய நாலைந்து நொடி ஆனது. புரிவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், முதலில் புருவம், பிறகு வாய். அவர் செல்போனை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். யாருக்குப் பேசப் போகிறார், ஸ்டேஷனுக்கா, இன்ஸ்பெக்டருக்கா. அந்த மேசை, அந்தப் பேப்பர். தூண் பக்கம் பாலகுரு நின்ற இடம் காலியாக இருந்தது. அதற்கு மேல் அடிவயிற்றைத் தாங்க முடியவில்லை. பெஞ்சில் கலியன் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொளஞ்சி யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "இங்க பாத்ரூமு எந்தப் பக்கம்?" என்றாள். பூங்காவனம் முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் நீட்டி, "பின்னால, டைப்பிங் கடையத் தாண்டி," என்றாள். அங்கே குழாய் மூடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தரை முழுக்கத் தண்ணி, மூலையில் பாசி, எவரோ சிந்திவிட்டுப் போன சோப்பு நுரை. இந்தக் கோர்ட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நூறு பேர் வருவார்கள். கொளஞ்சி செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள், போய்விட்டு வந்து நடுவில் நின்றாள். கட்டை விரலை அழுத்திப் பார்த்தாள். குதிகாலை அழுத்தி ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்தாள். சுவரைப் பிடிக்காமல் அந்தக் கோடிக்கு நடந்தாள், திரும்பி நடந்து வந்தாள். வழுக்கவில்லை. வெளியே யாரோ செருப்புச் சத்தத்தோடு வந்து கதவுக்கு எதிரில் நின்றார்கள். கொளஞ்சி குழாயை இறுக்கித் திருகி மூடிவிட்டு, தாழ்ப்பாளை எடுத்தாள்.